வீட்டில் கிடக்கும் பொருட்களைக் கொண்டு சாய்வு சைக்கிள் கட்ட முடியுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. உங்களிடம் 26 அங்குலப் பழைய சைக்கிள் ஒன்றும், தங்கை ஓட்டிய 20 அங்குலச் சைக்கிள் ஒன்றும், வீடு கட்டியபோது மிஞ்சிய இரண்டு அங்குல பிவிசி குழாய்களும், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் இருக்கின்றன. வெல்டிங் இல்லாமல், போல்ட்டும் ஹோஸ் கிளிப்பும் மட்டும் வைத்து, காலை முன்னே நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளைச் செய்து, தினமும் 9 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலைக்குப் போய்வர வேண்டும். சாதாரண சைக்கிளில் கை மரத்துப்போகிறது, இடுப்பும் வலிக்கிறது என்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன: அந்தக் குழாய் தாங்குமா, இடுப்பு வலி குறையுமா, இவ்வளவு வசதியான வண்டி என்றால் கடையில் ஏன் இல்லை. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன். மாணவர்களோடு சேர்ந்து இந்த வகைச் சைக்கிள்களைக் கட்டியிருக்கிறேன், ஒன்றை இன்றும் ஓட்டுகிறேன். ஆகவே முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்வேன். இடுப்பு வலி விஷயத்தில் ஓட்டுபவனாக மட்டும்தான் பேச முடியும், ஏனென்றால் நான் மருத்துவன் இல்லை.

பிவிசி குழாய் தாங்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 80 கிலோ எடையுள்ள ஒருவர், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் தாங்கி நிற்கும் ஒரு குழாயின் நடுவில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புக் குழாய் என்றால் நடுவில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தாழும். 63 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பிவிசி குழாய் என்றால் 7 சென்டிமீட்டருக்கு மேல் தாழும். பிவிசியின் விறைப்பு இரும்பின் விறைப்பில் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் குழாயைப் பெரிதாக்கினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. அது அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உள்ள கணக்கு மட்டும்தான். ஒவ்வொரு பெடல் மிதிக்கும் குழாய் முறுக்கிக்கொள்ளும், செயின் கழன்று விழும், மே மாத வெயிலில் நிறுத்தி வைத்தால் குழாய் இன்னும் இளகும். ஹோஸ் கிளிப் இறுக்கிய இடத்தில்தான் முதல் விரிசல் விழும். அந்தக் குழாய்களைத் தூக்கி எறிய வேண்டாம், செயினுக்கு உறையாகப் பயன்படும்.

இரண்டு சக்கரங்களையும் இணைத்து உங்களைத் தாங்கும் முதுகெலும்புக் குழாயாக 50 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயை, 2 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். கடையில் இரண்டு அங்குலம், 14 கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள். மீட்டருக்கு 3 கிலோ எடை வரும். ஜன்னல் கம்பிக்குப் போடும் ஓர் அங்குலக் குழாயே போதும் என்று பட்டறையில் சொல்லக்கூடும், கேட்காதீர்கள். 25 மில்லிமீட்டர் சதுரம், 1.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாய், நான் சொன்ன அதே கணக்கில், ஒருவர் உட்கார்ந்த மாத்திரத்திலேயே நிரந்தரமாக வளைந்துவிடும் அளவை எட்டிவிடுகிறது. 40 மில்லிமீட்டர் குழாய் சும்மா உட்கார்ந்தால் தாங்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது சுமை இரண்டு மூன்று மடங்காகும், அப்போது அது விளிம்பில் நிற்கிறது. 50 மில்லிமீட்டர் குழாய்க்கு அந்த நிலையிலும் கைவசம் இடம் இருக்கிறது. முழு வண்டி 22 கிலோவிலிருந்து 25 கிலோ வரை வரும், நம் பழைய பெரிய சைக்கிளின் எடையைவிடச் சற்று அதிகம்.

வெல்டிங் இல்லாமல் கட்டவே முடியாதா என்றால், முடியும். நல்ல பிளைவுட் பலகைகளைப் பெட்டிபோல ஒட்டி முதுகெலும்பு செய்தவர்கள் உண்டு, மூங்கிலை நாரும் எப்பாக்ஸியும் சுற்றி இணைத்தவர்களும் உண்டு. இரண்டிலும் மரத்தைவிட இணைப்புதான் கடினம். ஹேண்டில் உள்ளே சுழலும் இரும்புத் தலைக்குழாயும் பெடல் அச்சும் மரத்தோடு சேரும் இடத்தில் ஆட்டம் கண்டுவிடாமல் செய்வதற்குத் தச்சு வேலையில் நல்ல பழக்கம் வேண்டும். முதல் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் தெருவில் ஒரு கிரில் பட்டறையாவது இருக்கும், அங்கே அரை நாள் வேலைக்குக் கூலி கொடுத்துவிடுவது நல்லது.

ஆனால் கிரில் பட்டறையில் நீங்கள் கூடவே நிற்க வேண்டும். ஜன்னல் கம்பிக்கு நாலு இடத்தில் தொட்டு வைத்தால் போதும், அது ஆயுள் முழுக்க நகராது. சைக்கிளின் இணைப்பு ஒவ்வொரு மிதிக்கும் இழுபட்டுத் தளர்கிறது, அதனால் பற்றவைப்பு சுற்றிலும் முழுதாக ஓட வேண்டும். வேலையை ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வெட்டி மிஞ்சிய குழாயில் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றின் மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, வண்டியில் எப்படிப் பற்றவைப்பாரோ அப்படியே பற்றவைக்கட்டும். ஆறிய பிறகு அடித்துண்டை வைஸில் பிடித்து, நிற்கும் துண்டைப் பெரிய சுத்தியலால் பக்கவாட்டில் அடியுங்கள். குழாயின் சுவர் மடிந்து நசுங்கினாலோ, உலோகம் கிழிபட்டு வந்தாலோ அவர் கை நல்ல கை. பற்றவைப்பு பட்டையாகப் பெயர்ந்து வந்து, அடியில் குழாயின் மேற்பரப்பு வழவழப்பாக, பழைய நிறம் மாறாமல் தெரிந்தால் உலோகம் உருகிக் கலக்கவே இல்லை என்று பொருள். மேலே பார்க்க எவ்வளவு அழகான வரி ஓடியிருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். 2.5 மில்லிமீட்டர் 6013 வெல்டிங் ராடு இந்த வேலைக்குப் போதும்.

பழைய சைக்கிளை வெட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. நம் பெரிய சைக்கிள்களின் குழாய்கள் மூலைகளில் ஓர் இரும்புக் கூட்டுக்குள் நுழைந்து, பித்தளை உருக்கிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பித்தளையின் மேல் ஆர்க் வெல்டிங் செய்தால் உருகிய பித்தளை இரும்புக்குள் இறங்கி விரிசலை உண்டாக்கும். ஆகவே கூட்டிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, வெறும் குழாயில் பற்றவையுங்கள். பெயின்டையும் குரோம் பூச்சையும் முழுவதும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எங்காவது பயன்படுத்தினால் பூச்சைத் தேய்த்து நீக்காமல் பற்றவைக்காதீர்கள், அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் இரவு குளிரும் காய்ச்சலும் வரும். பேரிங், அது உட்காரும் கப், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே மின்சாரம் பாய வேண்டும். பெரிய சைக்கிளின் பின்சக்கர முக்கோணத்தை அதன் பெடல் அச்சுக் குழாயோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய சைக்கிளிலிருந்து தலைக்குழாய், ஃபோர்க், முன்சக்கரம் மூன்றையும் எடுங்கள். முன்னே வரப்போகும் பெடலுக்குத் தனியாக ஓர் அச்சுக் குழாய் வேண்டும். அதற்குக் காயலான் கடையில் உடைந்த ஃபிரேம் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள், பெடலைத் தாங்கும் உங்கள் கிராங்க்கின் கப் அதில் மரையேறுகிறதா என்று அங்கேயே திருகிப் பார்த்துவிட்டு.

வெட்டுவதற்கு முன் ஒரு நாளைச் சுவரோரம் செலவிடுங்கள். இந்த வண்டியை ஓட்டுபவரின் காலைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். பலகையைச் செங்கல் மேல் வைத்து, நீங்கள் விரும்பும் சாய்வில் முதுகை வைத்து உட்காருங்கள். எதிரே கிராங்க்கை ஒரு ஸ்டூலில் கட்டி வைத்து, பெடலின் மிகத் தொலைவான நிலையில் முழங்கால் லேசாக மடிந்திருக்கும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். குறைவாக வைத்தால் முழங்கால் வலிக்கும், அதிகமாக வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும். முதுகு தரையோடு 55 முதல் 60 பாகை இருந்தால் முதல் வண்டிக்கு எளிது. பெடல் அச்சு இருக்கையைவிட ஒரு சாண் தாழ்ந்தே இருக்கட்டும். அது இருக்கைக்கு மேலே ஏறினால் சிலருக்குப் பாதம் மரத்துப்போகிறது. நான் பரிந்துரைக்கும் அமைப்பு நீண்ட வண்டி: 20 அங்குல முன்சக்கரம் பெடலுக்கு முன்னே, 26 அங்குலப் பின்சக்கரம் இருக்கைக்குப் பின்னே, இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1.65 மீட்டர் அளவு. படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் குட்டை வண்டிகள், பெடல் முன்சக்கரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பவை, திருப்பத்தில் குதிகால் டயரில் உரசும் ஆபத்து கொண்டவை. பழகவும் கடினமானவை.

ஹேண்டிலின் நடத்தை முழுக்க ஓர் அளவில் இருக்கிறது. தலைக்குழாயின் நடுக்கோட்டை ஒரு நூல் பிடித்துத் தரைவரை நீட்டுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளி, முன்டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் சக்கரம் தானாக நேரே திரும்பும். அந்தத் தூரம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் வண்டி நடுங்கும். மிக அதிகமானால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக மடிந்து விழும். ஃபோர்க் 4 சென்டிமீட்டர் முன்னோக்கி வளைந்திருந்தால், தலைக்குழாயைத் தரையோடு 70 பாகையில் வைத்தால் கிட்டத்தட்ட 5, 65 பாகையில் வைத்தால் 7 சென்டிமீட்டர் கிடைக்கும். இவ்வளவு நீளமான வண்டியில் முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்துபோவதும் ஒரு தொல்லை, மணல் கிடக்கும் திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கிவிடும். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் முன்சக்கரத்தையும், அதே உயரக் கட்டையின் மேல் பின்சக்கரத்தையும் வைத்து நீங்கள் ஏறி உட்காருங்கள். மொத்த எடையில் 30 விழுக்காட்டுக்குக் குறைவாகக் காட்டினால் இருக்கையையும் பெடலையும் முன்னே நகர்த்துங்கள். இதை முழுதாகப் பற்றவைத்த பிறகு செய்யாமல், அங்கங்கே புள்ளியாக மட்டும் பற்றவைத்து நிறுத்திய நிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

செயின் இரண்டு முழு நீளத்தைச் சற்றுத் தாண்டும். மூன்று வாங்கி, ஒரே தயாரிப்பாகவும் புதிதாகவும் இணையுங்கள், தேய்ந்ததையும் புதியதையும் கலந்தால் பல்லில் உட்காராது. மேல் இழைதான் உங்கள் முழு பலத்தையும் சுமக்கிறது. 50 கிலோ அழுத்தத்தில் மிதித்தால், 170 மில்லிமீட்டர் கிராங்க்கும் முன்னே 44 பல் பற்சக்கரமும் உள்ள வண்டியில் செயினில் ஏறக்குறைய 95 கிலோ இழுவை வருகிறது. அந்த இழையை நடுவில் ஓர் உருளையால் 20 பாகை வளைத்தாலே உருளையின் மேல் 33 கிலோ ஏறும். ஆகவே மேல் இழை இருக்கைக்கு அடியில் வளையாமல் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகும்படி உயரங்களை அமையுங்கள், நீண்ட வண்டியில் இது பெரும்பாலும் முடியும். கீழ் இழை சும்மா திரும்பி வருவது, அதற்கு உங்கள் தோட்டத்து ஹோஸோ மெல்லிய பிவிசி குழாயோ உறையாக இருந்தால் போதும். உங்கள் பேன்ட்டும் தப்பிக்கும். முன்னே 44 பல் இருந்தால் 32 அல்லது 34 பல்லாக மாற்றப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்தவர் மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, புறப்படும்போது தடுமாறுவதற்கும் கனமான கியர்தான் பாதிக் காரணம்.

உள்ளதைக் கொண்டு செய்யும் சாமர்த்தியத்துக்கு முழு இடம் இருக்கையில்தான். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை நான் விரும்பவில்லை. துளையிட்ட இடத்திலிருந்து கீறல் ஓடும், நம் ஊர் வெயிலில் முதுகு முழுக்க நனைந்துவிடும். அரை அங்குல இரும்புக் குழாயில் இடுப்பு வளைவுக்கு ஏற்ப ஒரு சட்டம் வளைத்து, கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னுங்கள். காற்று ஊடுருவும், பள்ளத்தின் அதிர்ச்சியை நாடா ஓரளவு வாங்கிக்கொள்ளும், தளர்ந்தால் நீங்களே இறுக்கிக்கொள்ளலாம். இடுப்புக்கு நேரே வரும் நாடாக்களை மட்டும் நன்றாக இறுக்கி, மேல்முதுகுக்குச் சற்றுத் தளர விடுங்கள். இந்த நாடா இருக்கையில் உட்கார்ந்த பிறகு நான் வேறு எதையும் தேடவில்லை. முதுகெலும்புக் குழாயில் இருக்கையை முன்னும் பின்னும் 10 சென்டிமீட்டர் நகர்த்த வழி வையுங்கள், துளை போடாமல் இரண்டு யு போல்ட்டுகளால் பிடிக்கலாம்.

பிரேக்கில் எந்தச் சாமர்த்தியமும் வேண்டாம். பழைய வண்டியின் கம்பி பிரேக் இதில் ஒத்துவராது, இரண்டு சக்கரத்துக்கும் கேபிள் பிரேக் போடுங்கள். கேபிள் நீளம் போதவில்லை என்று இரண்டை முடிந்து இணைக்கக் கூடாது, நீளக் கேபிளாகவே தேடி வாங்குங்கள். ஹேண்டில்பார் தலைக்குழாயிலிருந்து உங்கள் கைவரை பின்னோக்கி நீண்டு வர வேண்டும். அந்த நீட்டத்தின் பற்றவைப்பும் தலைக்குழாயின் பற்றவைப்பும் பெடல் அச்சுக் குழாயின் பற்றவைப்பும், ஒன்று விட்டால் சாலையில் விழுவீர்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. மற்ற இடங்களில் சிக்கனம் பாருங்கள், இந்த மூன்றிலும் பிரேக்கிலும் பார்க்காதீர்கள்.

இனி உங்கள் இடுப்பு. கையில் மரத்துப்போவது நிற்கும் என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் உள்ளங்கையில் எடையே விழாது. பின்பக்கம் நோவதும், கழுத்தை நிமிர்த்தியே வைத்திருப்பதால் வரும் இறுக்கமும் இந்த நிலையில் குறைகின்றன. இடுப்பு வலி அப்படி நிச்சயமில்லை. சிலருக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளம் வரும்போது சாதாரண சைக்கிளில் பெடலில் எழுந்து நின்று அதிர்ச்சியைக் காலால் வாங்கிக்கொள்வோமே, அது இதில் முடியாது, அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது. வட்டு விலகல் போன்ற காரணம் இருந்தால் உட்காருவதே சிலருக்கு வலியைக் கூட்டும். எலும்பு மருத்துவரிடம் காட்டி, சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னே நீட்டி மிதிப்பேன் என்று செய்துகாட்டிக் கேட்டுவிட்டு இரும்பு வாங்குங்கள். வேகத்தையும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக (வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காக) ஏறுவதால், சாய்வின் லாபம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேலேதான் நன்றாகத் தெரியும். இப்படி ஓரளவு நிமிர்ந்த இருக்கையும் 25 கிலோ எடையும் கொண்ட சாய்வு வண்டியில் அலுவலக நேர நெரிசலில் சமதளத்தில் கொஞ்சம் மிச்சமாகும், பாலத்தில் ஏறும்போது அது போய்விடும்.

கடையில் ஏன் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரான்ஸில் சார்ல் மோஷே என்பவர் கட்டிய சாய்வு சைக்கிளில், ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற, முன்னணியில் இல்லாத ஒரு பந்தய வீரர் 1933 ஜூலையில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914இல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை அத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் சைக்கிளுக்கு இலக்கணம் வகுத்து, இந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. இது வரை வரலாறு. அந்தத் தடையால்தான் உலகம் முழுக்க இந்தச் சைக்கிள் பரவவில்லை என்று பலர் சொல்கிறார்கள், அதை நான் பாதிதான் ஏற்கிறேன். நீளம் அதிகம், மாடிப்படியில் தூக்க முடியாது, மேட்டில் சோர்வு, இரண்டு மடங்குக்கும் மேல் செயின்: தடை இல்லாவிட்டாலும் இவை இருந்திருக்கும். நம் சாலைக்கு இன்னொன்றும் சேர்கிறது. இருக்கையைத் தரையிலிருந்து 55 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள், அந்த உயரத்தில் உங்கள் கண் கார் ஓட்டுபவரின் கண் மட்டத்தில் இருக்கும். பின்னால் ஆளுயரக் கம்பில் ஒரு கொடியும் கட்டுங்கள், பஸ்ஸும் லாரியும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வண்டி எழுந்து நின்றதும் உங்கள் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டைகளை இருக்கையில் ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் முதுகெலும்புக் குழாயின் அடியில் நூல் பிடித்தால் அது நேராக இருக்க வேண்டும். முதல் ஓட்டம் காலி மைதானத்தில், லேசான கியரில். ஹேண்டிலை இழுக்காமல் விரல்களால் மட்டும் தொட்டு, தோளைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வையுங்கள். ஓடும்போது காலைத் தரையில் ஊன்றக் கூடாது, வண்டி முன்னே போக பாதம் இருக்கைக்கு அடியில் இழுபட்டு மடங்கும். முதல் மாதம் முழுக்க பெயின்ட் அடிக்காதீர்கள். வாரம் ஒருமுறை நான் சொன்ன மூன்று பற்றவைப்புகளிலும் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசி வையுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அதன் மேலேயே மறுபடி பற்றவைக்காமல், தேய்த்து எடுத்துவிட்டு, மூலையின் உட்பக்கம் ஒரு முக்கோணத் தகடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். சுவரோரம் எடுத்த அளவுகளையும் சுத்தியலால் அடித்த சோதனைத் துண்டின் படத்தையும் குழாயை வெட்டுவதற்கு முன்பே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.